பேச்சியின் வலியை வாங்கியவனுக்கு

மோசக்காரன் நீ. ஊர் பேர் தெரியாது, முகம் பார்த்ததில்லை, ஆனாலும் நாலு பேர் நடுவில் நின்று சொல்வேன், நீ மோசக்காரன். பிள்ளையை அறுக்கக் கொடுத்துவிட்டு மரத்துப்போய் உட்கார்ந்திருந்த தகப்பனின் துண்டுக்குள் கையை விட்டவன், அவன் இழுத்த இழுப்புக்கெல்லாம் இசைந்து பேச்சை முடித்துக்கொண்டு, எழுந்து முகம் காட்டாமல் போனவன். மாட்டுச் சந்தையில் எத்தனையோ திருட்டுப் பயல்களைப் பார்த்திருக்கிறேன். கொம்பைச் சீவி வயசைக் குறைத்தவன், ரெண்டு வேளை கறக்காமல் மடியை வீங்கவைத்து ஓட்டிவந்தவன், நொண்டிக் காளைக்குச் சாராயம் ஊற்றித் துள்ளவைத்தவன், அத்தனை பேரையும் சட்டையைப் பிடித்து உலுக்கி, மாட்டை வந்த வழியே திருப்பி ஓட்டவைத்திருக்கிறேன். உன்னைத்தான் பிடிக்க முடியவில்லை. உனக்குச் சட்டை என்று ஒன்று உண்டோ இல்லையோ.

என் பெயர் சடையாண்டி, வெள்ளியம்பட்டி மாட்டுச் சந்தையில் தரகன். பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுமில்லை. உதைத்த மாடும் ஏமாற்றிய மனுஷனும் சொல்லிக்கொடுத்ததுதான் எல்லாம். எங்கள் சந்தையில் வாயால் பேரம் பேசுவதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேரும், விரலைப் பிடிப்பதும் விடுவதும் அமுக்குவதும்தான் பேச்சு, அந்த நேரம் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கக் கூடாது, அவன் வேப்பமரத்தைப் பார்ப்பான், நான் மாட்டைப் பார்ப்பேன். எந்த மாடு என்று கேட்கவும் மாட்டோம், மாடுதான் எதிரில் கட்டிக் கிடக்கிறதே, எதிரில் எது நிற்கிறதோ அதற்குத்தான் பேரம். முதலில் பிடித்த விரலுக்கே சம்மதித்தவன் தரகன் இல்லை. துண்டை எடுத்தபிறகு பேச்சு மாறினவன் மனுஷனே இல்லை. இதெல்லாம் உனக்கும் தெரியும். தெரியாமலா வந்தாய்?

என் மகள் பேச்சிப்பிரியா. குலசாமி பெயரை நானும் பிரியாவை என் பெண்சாதி சுருளியும் வைத்தோம். ஊர் பேச்சி என்றே கூப்பிட்டது. ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு அடிவயிற்றின் ஓரத்தில் ஒரு புடைப்பு இருந்தது, அழுதால் எலுமிச்சம்பழம் போல முட்டிக்கொண்டு நிற்கும், படுக்கவைத்து அமுக்கினால் உள்ளே போய்விடும். குடலிறக்கம் என்றார்கள். காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம், சின்ன வேலை என்றார் டாக்டர், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன் சொல்கிற மாதிரி. வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொன்னார்கள், தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள், விடிந்ததும் விடியாததுமாகப் பஸ் ஏறி வந்து அந்த நீளமான கூடத்தின் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அப்பா, அந்த அக்கா மட்டும் இட்லி சாப்புடுது."

"அது வேற ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளை தாயி."

"நம்ம பெஞ்சுலதானப்பா உக்காந்திருக்கு."

அவளிடம் பேரம் நடக்காது. என் ரத்தம்.

ஜெபக்கனி சிஸ்டர் வந்து கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடினார். முதல் குத்தில் நரம்பு நழுவிவிட்டது. பேச்சி அலறிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள், "அப்பா, நான் இனிமே செவுத்துச் சுண்ணாம்பு திங்க மாட்டேன், இவங்ககிட்டச் சொல்லுப்பா, சத்தியமா திங்க மாட்டேன்." செய்த தப்புக்குத்தான் இதெல்லாம் நடக்கிறது என்று நினைத்திருக்கிறது பிள்ளை. சுருளி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மருந்து வாங்கிவரப் போய்விட்டாள். நான் நின்றேன். எருமைக்குக் கொம்பு அறுக்கும்போதுகூட முகம் திருப்பாத நான், சுவரில் எச்சில் துப்பாதீர் என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு நின்றேன்.

பெரிய பச்சைச் சட்டை ஒன்றை மாட்டினார்கள், தோளிலிருந்து நழுவி நழுவி விழுந்தது, தூக்கிக்கொண்டு போனேன், தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு, அதைத் தாண்டக்கூடாது என்றான் வாயில் துணி கட்டியிருந்தவன். அவள் என் ஆள்காட்டி விரலைப் பிடித்திருந்தாள். அவன் அவளுடைய விரல்களை, கொடுக்காப்புளி உரிக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக என் விரலிலிருந்து பிரித்தெடுத்தான். கதவு மூடியது. பிள்ளை உள்ளே போய்விட்டாள், அவள் அழுகை மட்டும் வெளியிலேயே நின்றுவிட்டது, மயக்க மருந்து ஏறி அவள் வாய் அடைத்த பிறகும் கோட்டுக்கு இந்தப் பக்கம், என் கண்ணுக்கு எதிரில், அப்போதுதான் மூக்குக் குத்திய கன்று மாதிரி நடுங்கிக்கொண்டு அந்த வலி நின்றது.

நான் பெஞ்சில் உட்கார்ந்து தோளிலிருந்த துண்டை எடுத்து முழங்கால் மேல் போட்டேன். வியர்வை துடைக்கப் போட்டதில்லை, எதற்கென்றும் போட்டதில்லை, எதிரில் ஒன்று நின்றால் துண்டு மடிக்கு வருவது எனக்குப் பழக்கம். அப்போதுதான் துண்டுக்கு அடியில் உன் கை வந்தது.

குளிர்ந்த கை. கழுவிக் கழுவி ரேகை தேய்ந்த மாதிரி வழுவழுத்த கை. முறை தவறாமல் நான் திரும்பிப் பார்க்கவில்லை, எதிரில் நிற்பதைத்தான் பார்த்தேன். என் சுண்டுவிரலை மட்டும் மெதுவாகப் பிடித்தாய். சும்மா சொல்லக்கூடாது, நியாயமாகத்தான் ஆரம்பித்தாய், இன்றைக்கு ஒருநாள் வலியை எடுத்துக்கொள்கிறேன் என்றாய், அது எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த ஒரு விரலோடு துண்டை எடுத்திருந்தால் என் பிள்ளை சாயங்காலம் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மறுநாள் முதல் எல்லாப் பிள்ளைகளையும் போல அழுதிருக்கும். ஆனால் முதல் விரலுக்குச் சம்மதிக்கிற கையா இது? உதறினேன். இரண்டு விரலைப் பிடித்தாய். போதாது என்று அமுக்கினேன். மூன்று. உதறினேன். நீ கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாய், நான் விடவில்லை, வாங்க வந்தவன் கையை இழுப்பது எனக்கு என்ன புதிதா, மணிக்கட்டோடு பிடித்து ஐந்து விரலையும் சேர்த்து உன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன், எல்லாத்தையும் எடுத்துக்கொள், ஒட்ட ஓட்டிக்கொண்டு போ என்று. நீ கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாய். பிறகு மூடிக்கொண்டாய்.

துண்டை எடுத்தேன். பக்கத்தில் யாருமில்லை. எதிரிலும் ஒன்றுமில்லை. மடக்கிவிட்டேன் என்று நினைத்து, சத்தியமாகச் சொல்கிறேன், மீசையைத் தடவிக்கொண்டேன்.

மயக்கம் தெளிகிற அறையில் வரிசையாகப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன. பேச்சி கண்ணை விழித்துக் கூரையைப் பார்த்து, "இட்லி," என்றாள்.

"என்னண்ணே உங்க பொண்ணு, ஒரு முனகல்கூட இல்ல?" என்றார் ஜெபக்கனி சிஸ்டர். "வலிக்குதா பாப்பா?"

"பசிக்குது."

பிள்ளையை மெதுவாக இறக்கிக் கைபிடித்துக் கழிவறைக்கு நடத்திப்போன ஆயா ரெண்டு எட்டு வைத்ததும் ஐயோ என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். பேச்சி ஒரு எட்டு வைத்தால் ஆயா ஒரு கத்துக் கத்தினாள். "இந்தாம்மா, உன் பிள்ளைய நீயே புடி," என்று அவள் கையைச் சுருளியின் கையில் திணித்தாள் ஆயா, திணித்த நொடியில் நிமிர்ந்துவிட்டாள், சுருளி குனிந்துவிட்டாள். யாருக்கும் யாரும் எதையும் விளக்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது, "தம்பி, பிள்ளையக் கொஞ்சம் புடிங்க," என்று சுருளி அவள் கையைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு ஏறினாள், அதோடு ஒவ்வொரு வேகத்தடைக்கும் கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிரைவரின் அம்மா அப்பாவையெல்லாம் இழுத்தான், பேச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற மாடுகளுக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது கண்டக்டர் அவள் கையைச் சுருளியின் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்தான், சுருளி மறுபடி குனிந்தாள்.

வீட்டு வாசலுக்கு வரும்முன்பே எனக்கு விளங்கிவிட்டது. வலி எங்கேயும் போகவில்லை. நீயும் தரகன்தானே, எந்தத் தரகன் வாங்கின மாட்டைத் தன் வீட்டில் கட்டிவைத்தான்? வாங்கின கையோடு ஊருக்குள் அவிழ்த்துவிட்டுப் போய்விட்டாய். மாட்டுக்குக் கயிறு எப்படியோ அப்படி இதற்குப் பேச்சியின் கை. கையைப் பிடித்திருந்தவன் தன் கையால் அடுத்தவன் கையில் கொடுத்தால்தான் வலி மாறும். கொடுக்காமல் விட்டுவிட்டுப் போனால், அவன் எத்தனை மைல் போனாலும் அவள் வலி அவனோடேயே போகும்.

ஊர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஊருக்கு ஆச்சரியப்பட நேரம் கிடையாது, யாருக்கு என்ன வசதி என்றுதான் முதலில் பார்க்கும். சுருளி மில் வேலைக்குப் போகும்போது பேச்சியின் கையைப் பள்ளிக்கூட வாசலில் குருவம்மா டீச்சரிடம் கொடுப்பாள், பள்ளி விட்டதும் டீச்சர் அவளைக் கொண்டுவந்து பஸ் நிறுத்தத்து டீக்கடையில் மயில்வாகனத்தின் கையில் கொடுப்பார், சுருளி வந்து வாங்கிக்கொள்வாள். ஆரம்பத்தில் ஒவ்வொருத்தரும் தங்கத்தைத் தாங்குகிற மாதிரி தாங்கினார்கள். டீச்சர் அவள் நடக்கிற வழியில் முள் பொறுக்கினார், மேசை முனைகளில் பழைய சேலையைச் சுற்றினார், மயில்வாகனம் பாய்லர் பக்கம் அவள் போகாமலிருக்கக் குறுக்கே பலகை வைத்தான், தெரு நாயைக் கட்டிப்போட்டார்கள், அவள் வரும் நேரத்துக்குப் பெரிய பையன்கள் கிட்டிப்புள்ளை நிறுத்தினார்கள், அவள் தும்மினால்கூட நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை மகாராணி மாதிரி நடந்தாள். அத்தனை பேரும் காத்தது அவளை இல்லை, அவரவர் உடம்பை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் சரி போகட்டும் என்று இருந்தேன், யாருக்காகவாவது என் பிள்ளை நடக்கிற பாதையில் முள் இல்லாமல் இருந்தால் சரி.

அப்புறம் டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. அடங்காத பையன் ஒருத்தனைக் கூப்பிட்டு, பேச்சியின் கையை அவன் கையில் கொடுத்துவிட்டு, பேச்சியின் இன்னொரு உள்ளங்கையில் பிரம்பால் ஒன்று போட்டார். பையன் துள்ளினான். வகுப்பு அடங்கியது.

பிள்ளையின் கை தடித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

"என்ன டீச்சர் இது?"

"அவளுக்கு வலிக்குதான்னு கேளுங்க."

"வலிக்கலதான், ஆனா…"

"வலிச்சவனையும் கேளுங்க, நான் அவனைத் தொட்டேனான்னு. பிள்ளைகளை அடிக்கக்கூடாதுன்னு மேல இருந்து உத்தரவு வந்திருக்கு, அடி இல்லாம உங்க ஊர்ப் பயலுக அடங்குவானுங்களா? உங்க பொண்ணு வந்தப்பறம்தான் இந்த வகுப்பு வகுப்பா இருக்கு. பாருங்க, அவளுக்கு ஸ்டார் குடுத்திருக்கோம்."

பேச்சியின் நெற்றியில் பொட்டுக்கு மேலே ஒரு பொன்னிறத் தாள் நட்சத்திரம் ஒட்டியிருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி பிரம்பே இல்லாத வகுப்பு என்று எழுதிவிட்டுப் போனார், ஏனென்றால் அன்றைக்குப் பிரம்புக்குப் பதில் காம்பஸ் முள்ளை வைத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடம் கற்றுக்கொண்டதை டீக்கடை கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம்? மயில்வாகனத்துக்கும் அவன் மச்சினனுக்கும் வேலித் தகராறு. ஒருநாள் மச்சினன் டீ குடிக்க வந்தபோது, "பாப்பா, மாமாவுக்குக் கை குடு," என்று அவள் கையைப் பிடித்து அவன் கையில் வைத்துவிட்டு, பின்னால் போய் அவள் தோளில் ஊக்கைக் குத்தினான். டீ கிளாஸ் ஒரு பக்கம், மச்சினன் ஒரு பக்கம். கடையில் இருந்தவர்கள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மறுநாள் சாயங்காலம் கடையில் கூட்டம். யாருக்கு யார் மேல் காய்ச்சலோ அவர்களை ஏதோ சாக்குச் சொல்லிக் கூட்டிவந்தார்கள், மாமியாரை மருமகள் வடை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிவந்தாள், அண்ணனைத் தம்பி சமாதானம் பேசலாம் என்று கூட்டிவந்தான், பேச்சியின் கையை அவர்கள் கையில் கொடுப்பதும், ஊக்கு ஏறுவதும், அவர்கள் துள்ளுவதும், கயிறு மறுபடி மயில்வாகனத்திடம் வருவதும், பிள்ளை வாயில் வெண்ணெய் பிஸ்கட் போடுவதுமாக, எங்கள் ஊரில் வெட்டுக்குத்து குறைந்துவிட்டது, போலீஸ்காரரே வந்து டீ குடித்துவிட்டு மெச்சிவிட்டுப் போனார். வெட்டும் குத்தும் எங்கே போயிற்று என்று யாராவது தேடினால் அது என் பிள்ளையின் முதுகில், புளியம்பூ உதிர்ந்த மாதிரி, சிவப்புச் சிவப்பாகக் கிடந்தது.

குளிப்பாட்டும்போது அதைப் பார்த்த சுருளி கத்திய கத்தில் நான் அரிவாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சுருளியும் பின்னால் ஓடிவந்தாள். போகும்போது பாய்லர், வரும்போது கண்ணாடி ஜாடி என்று எல்லாவற்றையும் நொறுக்கினேன். மயில்வாகனம் அசரவில்லை.

"மாமா, நீரு வீணா கொதிக்கிறீரு. பிள்ளைகிட்டயே கேப்போம். ஏன் பாப்பா, மாமா குத்துனது வலிச்சுச்சா?"

"இல்ல மாமா."

"கேட்டுக்கிட்டீரா? வலிக்காத பிள்ளைக்கு வலிக்குதுன்னு வந்து நிக்கிற தகப்பனை இன்னிக்குத்தான் பாக்குறேன்." கடை முழுக்கச் சிரித்தது. பேச்சியும் சிரித்தாள். அதுதான் என்னை அறுத்தது.

அவள் கையை அங்கேயே சுருளியிடமிருந்து வாங்கிக்கொண்டு, அடுத்த நாளிலிருந்து சந்தைக்கு என்னோடு கூட்டிப்போனேன். பிள்ளையின் வலியைத் தகப்பன் சுமப்பதில் என்ன குறை? சுமந்தேன். முழங்கால் சிராய்ப்பு, குளவிக் கொட்டு, பல் ஆட்டம் எல்லாம் எனக்குத்தான். ஆனால் அவள் சீக்கிரமே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். தன் கையைத் தானே கடித்தால் அப்பா துள்ளுகிறார். நான் துண்டுக்குள் கையை வைத்துப் பேச்சை முடிக்கப் போகிற நேரம், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மணிக்கட்டைக் கடித்து, என் முகத்தையே பார்ப்பாள். என் விரல் துண்டுக்குள் வெட்டும், இரண்டு என்று பிடித்தது மூன்றாகும், வாங்க வந்தவன் விலகுவான். அவள் கை தட்டுவாள்.

"ஏன் தாயி இப்படிச் செய்யிற? அப்பாவுக்கு வலிக்குதுல்ல?"

"வலின்னா என்னப்பா?"

"அது… காரம் மாதிரி. உடம்பு பூராக் காரம்."

"காரம் எனக்குப் புடிக்கும்."

"நெருப்பு மாதிரி."

"நெருப்பும் புடிக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள், "அப்பா, நாளைக்கு யாரு ஆடுவா?"

கெட்ட பிள்ளை என்று சொல்லாதே, நாக்கை அறுத்துவிடுவேன். தனக்கு என்னவென்று தெரியாததை அடுத்தவனிடம் எப்படிப் பார்ப்பாள்? அவளுக்கு அது தலையாட்டிப் பொம்மை. சந்தையில் என்னோடு கை சேர்க்க ஆள் வராமல் போனது, அடுப்பு அணைந்தது, சுருளி மில்லை விட முடியாது, என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? மறுபடி அவள் கையைப் பள்ளிக்கூட வாசலில் டீச்சரிடம் கொடுத்தோம். குத்தக்கூடாது, அடிக்கக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசித்தான் கொடுத்தோம். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அப்புறம் அந்த லாரிக்காரன் வந்தான். கோழி ஏற்றிக்கொண்டு வந்தவன், யாரென்று எவருக்கும் தெரியாது, டீயில் எறும்பு கிடக்கிறது என்று மயில்வாகனத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறான். மயில்வாகனம் சிரித்துக்கொண்டே, "கோவப்படாதீங்கண்ணே, பாப்பாவுக்குக் கை குடுத்துட்டுப் போங்க," என்று அவள் கையை அவன் கையில் வைத்து ஒரு குத்து. அவன் பாம்பு கடித்தவன் மாதிரி உதறிக்கொண்டு ஓடி லாரியில் ஏறினான். திருப்பிக் கொடுக்கவில்லை. கயிற்றோடு போய்விட்டான், வடக்கே போகிற சாலையில்.

ஊர் அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சுவிட்டது. யாரோ ஒருத்தன், பெயர் தெரியாதவன், எந்த ஊர் என்றுகூடத் தெரியாதவன், அவன் கொண்டுபோய்விட்டான், இனி நம்மில் யாருக்கும் இல்லை என்று மயில்வாகனம் கடையில் எல்லாருக்கும் டீ கொடுத்தான். மேசை முனையிலிருந்த சேலைகளை டீச்சர் அவிழ்த்தார். பாய்லர் குறுக்கே இருந்த பலகை போயிற்று, நாயை அவிழ்த்துவிட்டார்கள், கிட்டிப்புள் மறுபடி பறந்தது. முள் பொறுக்க ஆளில்லை. சுருளிகூட, இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, "எவனோ சுமக்கட்டும், எனக்குக் கொஞ்சநாள் தூக்கம் வேணும்," என்றாள். பேச்சி மட்டும், கையை நீட்டிக்கொண்டு ஒவ்வொருத்தரிடமாகப் போனாள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எல்லாரும் பிடித்தார்கள், ஆனால் தன்னைக் கடித்துப் பார்த்தால் யாரும் துள்ளவில்லை. அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

முந்தாநாள் அவள் சாப்பிடவில்லை. வெயில் என்று நினைத்தோம். நேற்று உடம்பு கொதித்தது, அப்போதும் முற்றத்தில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள், வயிறு தவில் மாதிரி உப்பியிருந்தது, அதைத் தட்டித் தட்டித் தாளம் போட்டுக் காட்டினாள். இன்று காலை பல் தேய்க்கும்போது அப்படியே சரிந்தாள். தூக்கிக்கொண்டு இங்கேயே வந்தோம், இதே ஆஸ்பத்திரிக்கு.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து எங்களை ஏறிட்டுப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன். குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவியிருக்கிறது என்றார். "ரெண்டு நாளா இந்தப் பிள்ளை கதறித் துடிச்சிருக்கணுமே. அழுத அன்னிக்கே கொண்டுவந்திருந்தா சின்ன வேலை. நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

"அழல சார்," என்றேன்.

"அழலயா? இதுக்கு அழாத உடம்பு உண்டா?"

ஜெபக்கனி சிஸ்டர் ஊசி ஏற்ற வந்தார். நரம்பு நழுவியது, மறுபடி குத்தினார், மறுபடி நழுவியது. பேச்சி அரைக் கண்ணைத் திறந்து தன் கையில் ஊசி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மழை பெய்வதை ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி. சிஸ்டரின் கண்ணிலிருந்துதான் தண்ணீர் விழுந்தது. "அண்ணே, ஒரு தடவை ஐயோன்னு சொல்லச் சொல்லுங்க," என்றார்.

அந்த லாரிக்காரன் எங்கேயோ கிடக்கிறான். ரெண்டு நாளாகச் சுருண்டு சுருண்டு துடித்திருப்பான், எந்த ஊர் டாக்டரோ அவன் வயிற்றைப் படமெடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றிருப்பார், பொறுக்கமாட்டாமல் அவன் டாக்டர் காலில் விழுந்திருந்தால் அவனுடைய நல்ல குடல்வாலை அறுத்துக்கூட எடுத்திருப்பார்கள். அந்தக் கத்தல் எங்களுக்குக் கேட்டிருக்க வேண்டிய கத்தல். என் பிள்ளையின் உடம்பு எங்களைக் கூப்பிட்டிருக்கிறது, வாய் கிழியக் கூப்பிட்டிருக்கிறது, யாரோ ஒருத்தன் வாயால், எங்கள் காதுக்கு எட்டாத ஊரில்.

அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இந்தத் தடவை சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. சுருளி தரையில் உட்கார்ந்து கதவையே பார்க்கிறாள். எதிரில் ஒன்றும் இல்லை, அன்றைக்கு நின்ற அழுகை இல்லை, நடுக்கம் இல்லை, வெறும் தரை. நான் மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்டுக்கொள். துண்டை எடுத்தபிறகு பேச்சு மாறக்கூடாது என்பது சந்தை முறை, எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். ஆனால் இன்னொரு முறையும் உண்டு. மாட்டுக்குச் சொந்தக்காரன் வாயைத் திறந்து சரி என்று சொல்லாமல் தரகன் முடித்த பேரம் செல்லாது. பேரம் முடிந்த எத்தனையோ மாட்டை, சொந்தக்காரி வந்து வாசலில் நின்று வேண்டாம் என்ற ஒரே வார்த்தைக்காக நானே திருப்பி ஓட்டிவந்து கட்டியிருக்கிறேன். அந்த வலி என்னுடையது இல்லை. என் வயிற்றில் முளைத்ததில்லை, என் தோலில் ஏறியதில்லை. நான் வெறும் தரகன். சொந்தக்காரி அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் மயக்கத்தில் கிடந்தாள், அவளை யாரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. அதனால் அது பேரமில்லை, களவு. நீ வாங்கியவன் இல்லை, ஓட்டிக்கொண்டு போனவன்.

ஓட்டிக்கொண்டு போனதைத் திருப்பி ஓட்டிவா. வடக்குச் சாலையில் எந்த லாரியில் இருந்தாலும் சரி, எவன் வயிற்றில் கட்டிக் கிடந்தாலும் சரி, அவிழ்த்துக்கொண்டு வா. ஒரு விரல் அளவுக்கு என்று பேச வராதே, பாதியைத் தருகிறேன் என்று வராதே, இந்தத் தடவை என்னிடம் பேரம் இல்லை. கத்தி பட்ட வலி, தையல் இழுக்கிற வலி, இனிமேல் அவளுக்கு வரவேண்டிய பல்வலி, பிரசவ வலி, எனக்குக் கொள்ளிவைக்கும்போது அவளுக்கு வரவேண்டிய வலி, அத்தனையும் ஒன்று குறையாமல் வேண்டும். அவள் கண் திறப்பதற்குள் கொண்டுவந்து அவள் கையில் கொடு. என் கையில் வேண்டாம், அவள் கையில். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்கு அவள் அலறுவது கேட்க வேண்டும். வாடா. வந்து, என் பிள்ளையை அழவை.